வலப்பக்கத்துத் தையல்

"குடுத்துடலாம்" என்று ஏட்டையா சொல்ல, அந்த ஒரு வார்த்தையோடு போன வாரம் சாப்பாட்டு மேசையை விட்டு எல்லோரும் எழுந்துபோனார்கள் அல்லவா? சொன்ன வார்த்தைப்படி குதிரையைக் கூட்டிப்போக இன்றைக்கு வண்டி வருகிறது. மாலையில் வந்துவிடும் என்று, குதிரையை வாங்கிக்கொள்கிற பள்ளிக்கூடத்து அம்மா போனில் சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கத்தை இப்போதுதான் புரட்டியவர்களுக்காக நாலு வரி. ஏட்டையா குதிரைப்படைப் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற அதே மாதம் படையிலிருந்து கழித்துவிட்ட பெண் குதிரை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தார். எதற்கெடுத்தாலும் மூக்கால் முனகுகிற குதிரை. அதனால் சிணுங்கி என்று பேர். அப்போது அவர் மனைவி இருந்தார். இப்போது இல்லை. இப்போது வீட்டில் இருப்பது ஏட்டையாவும், பஸ் ஓட்டுகிற அவர் மகனும், முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் மருமகளும். சிணுங்கியைச் சேர்த்தால் நாலு பேர். ஏட்டையா எப்போதும் சேர்த்துத்தான் எண்ணுவார்.

வேலையில் இருந்த காலத்தில், ஒரு ஊர்வலத்தன்று ஈரத் தார்ச்சாலையில் வேறொரு குதிரை வழுக்கி அவர் மேலேயே விழுந்தது. முறிந்த இடுப்பு ஒட்டியது. ஆனால் கோணலாக ஒட்டியது. இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. அதோடே மீதி வேலையையும் பார்த்தார், சிணுங்கியின் மேல் தினமும் காலையில் ஒரு சுற்றும் போய்வந்தார். இந்த வருஷம்தான் ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். கால் இரண்டும் சமமாயின. மனுஷர் நேராக நிமிர்ந்தார்.

நிமிர்ந்து வந்தவரைச் சிணுங்கி ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் ஏறினால் பத்தடி நடக்கும். நிற்கும். தலையைத் திருப்பி அவரைப் பார்க்கும். அவ்வளவுதான், அதற்குமேல் அடித்தாலும் நகராது. அவர் அடிக்கிற ஆளும் இல்லை.

"யாருடா நீன்னு கேக்குறா," என்பார் இறங்கி நின்றுகொண்டு. "ஆஸ்பத்திரி, அது இதுன்னு மாசக்கணக்குல விட்டுட்டுப் போயிட்டேன்ல. மறந்துட்டா. இல்ல, மறக்கல, கோவம்."

அப்படித்தான் "குடுத்துடலாம்" வந்தது.

*

காலையில் மருமகள் அவருடைய கால்சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மொத்தக் கால்சட்டைகளுக்கும் இடது காலை இறக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு அவள்தான் தைக்கிறாள். இடது காலை மட்டும் தூக்கி மடித்துத் தைத்துத் தைத்து அது அவள் கைக்கே பழகிப்போயிருந்தது. இப்போது கால் நீண்டுவிட்டது; துணி நீளவில்லை. தெருமுனை டீக்கடையில், "என்ன ஏட்டையா, ஒரு கால் மட்டும் வெள்ளத்துல எறங்கி வருதா?" என்று எவனோ கேட்டிருக்கிறான்.

அவர் டீயை ஏந்திக்கொண்டு வந்து வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த சாம்பல் கலரை முதல்ல முடிச்சுடும்மா. சாயங்காலம் அதைத்தான் போட்டுக்கணும்."

"வண்டி ஏத்தறதுக்கு எதுக்கு மாமா சாம்பல் கலரு? அது கல்யாணத்துக்குப் போடறது."

"அவ இந்த வீட்டுக்கு வந்தப்பவும் நான் நல்ல உடுப்புலதான் கூட்டிட்டு வந்தேன்."

அவள் பல்லால் நூலைக் கடித்தாள்.

"உங்க அத்தை வாசல்ல நின்னா," என்றார் அவர். டீயைக் குடிக்காமல் அதைப் பார்த்துப் பேசினார். "பென்ஷன் வரும்னு பாத்தா பெண் குதிரை வருதேன்னா. இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தியான்னு கத்துனா. தெருவே சிரிச்சுது. சிணுங்கி என்ன பண்ணுனா தெரியுமா? நேராப் போயி அவ தோள்ல தாடையை வெச்சு ஒரு பெருமூச்சு விட்டா. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. அன்னைலேர்ந்து நான்தான் வெளியாளு."

மருமகளுக்கு இந்தக் கதை தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு வரும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

"புது எடம் நல்ல எடமாம்," என்றார். "நடக்க முடியாத பிள்ளைங்களைக் குதிரை மேல உக்கார வெச்சு, முதுகைப் பழக்குறாங்களாம். புல்வெளி இருக்காம். இங்க என்ன இருக்கு? மூஞ்சியைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கற கிழவன்தான் இருக்கான்."

"அவதானே திருப்பிக்கறா? நீங்க எங்க திருப்பினீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, இந்த வயசுல."

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனார். நேராக, கொஞ்சமும் சாயாமல். அந்த நேரான நடைதான் அவளுக்கு இன்னும் பழகவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் யாரோ போலத் தெரிந்தது.

மடிப்பை இழுத்து நீவிவிட்டாள். மடிந்து கிடந்த துணி மட்டும் சாயம் போகாமல் புதிதாக இருந்தது. அவர் உடம்பின் கோணலுக்காகச் செய்த ஒவ்வொன்றையும் இந்த ஒரு மாதமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். செருப்பின் இடது குதியில் தைத்திருந்த தோல் அட்டையைப் பிரித்தாயிற்று. நாற்காலியில் ஒரு பக்கம் போட்டிருந்த மெத்தையை எடுத்தாயிற்று. சேணத்தில் கால் வைக்கிற அங்கவடியின் இடது வாரை அவரே இரண்டு துளை இறக்கிவிட்டார். கால்சட்டைகள் இதோ. கோணல் மனுஷனுக்கு அளவெடுத்த சாமான் இந்த வீட்டில் இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

ஊசி அவள் விரலில் குத்திய பிறகுதான் கையை நிறுத்தினாள்.

*

கொல்லையில் லாயம். சிணுங்கியின் கழுத்தை ஏட்டையா தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற வரைக்கும் இருவருக்கும் சண்டை இல்லை. குதிரை கீழுதட்டைத் தொங்கவிட்டுக் கண்ணை அரைவாசி மூடியிருந்தது.

"மாமா, ஒரு தடவை சேணத்தைப் போடுங்க."

"எதுக்கு? வேண்டாம். சும்மா நிக்கட்டும், பாவம்."

"வர்ற அம்மா போட்டுப் பாக்காமயா கூட்டிட்டுப் போவாங்க? அவங்க முன்னாடி காதை மடக்கிட்டா நமக்குத்தானே அசிங்கம்?"

அசிங்கம் என்ற வார்த்தை வேலை செய்தது. படையில் இருந்தவர். முளையிலிருந்து சேணத்தை இறக்கிச் சிணுங்கியின் முதுகில் வைத்தார். வைத்தவுடனே காதுகள் பின்னுக்குப் போயின. வயிற்றுவாரை இழுத்தபோது பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வழக்கம்போலத் தலையைத் திருப்பிப் பார்த்தது.

"பாத்தியா? இதான். இதே பார்வைதான்."

"எந்தப் பக்கம் பாக்கறா மாமா?"

"என்னைத்தான்."

"நீங்க இந்தப் பக்கம் நிக்கறீங்க. அவ அந்தப் பக்கம் பாக்கறா."

ஏட்டையா இடப்பக்கம்தான் நின்றிருந்தார். குதிரைக்காரர்கள் எப்போதும் நிற்கும் பக்கம். சிணுங்கியின் மூக்கோ வலது விலாவுக்கு நேராக நீண்டிருந்தது. அங்கே பார்க்க யாரும் இல்லை.

"கோவம்னா உங்களைப் பாத்து மொறைக்கணும். ஒண்ணுமில்லாத எடத்தை எதுக்கு மொறைக்கறா?"

மருமகள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். குதிரையிடம் அவளுக்குக் கொஞ்சம் பயம்தான், துணியிடம் கிடையாது. சேணத்தின் அடியில், முதுகோடு படிகிற திண்டுக்குக் கீழே கையை நுழைத்தாள். கை நுழைய மறுத்தது. குதிரையின் தோல் ஈ உட்கார்ந்தாற்போல் துடித்தது. திரும்பி இடப்பக்கம் வந்து அதே கையை நுழைத்தாள். சுலபமாக, மணிக்கட்டுவரை போயிற்று.

"மாமா, இது ரெண்டும் ஒரே தடிமன் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"கழட்டு. கழட்டிடு, அவளுக்கு வலிக்குது." அவரே அவசர அவசரமாக வாரை அவிழ்த்தார்.

அவள் சேணத்தை வாங்கிக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். இடது திண்டில் படைப் பட்டறையின் சன்னமான தையல். வலது திண்டில் அது பிரிக்கப்பட்டு, அதற்குமேல் வேறொரு கை தைத்திருந்தது. தடித்த இரட்டை நூல், ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே ஓடுகிற தையல். வீட்டில் இருக்கிற தலையணை உறை எல்லாவற்றிலும் இந்தத் தையல்தான். ஜன்னல் திரையிலும் இதுதான். தையல்காரிக்கு ஆளைவிடத் தையல் சீக்கிரம் அடையாளம் தெரியும்.

"அத்தை தைச்சது," என்றாள் மெதுவாக.

ஏட்டையா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எடது காலு குட்டை, இடுப்பும் வளையாது. வாரைத் தூக்கிக் கட்டினாலும் உடம்பு மொத்தமா வலது பக்கம் சாஞ்சுக்கும். கூடவே சேணமும் எறங்கும். அவ ஒருநாள் என் பின்னாடியே நடந்து வந்து பாத்தா. வந்தவ, என் பழைய கம்பளிச் சட்டையைப் பிரிச்சு, அந்தக் கம்பளியை வலது பக்கம் அடைச்சு, திண்டைத் தூக்கித் தைச்சுட்டா. மூணு ஊசி ஒடிஞ்சுது. வாய் ஓயல. ஆளு கோணலு, குதிரை நேரு, நடுவுல நான்தான் ஈடு குடுக்கணும்னு தலையெழுத்துன்னு சொல்லிச் சொல்லித் தைச்சா. மறுநாள் ஏறுனேன். தண்ணி மாதிரி போச்சு குதிரை."

"இப்ப நீங்க நேராயிட்டீங்க."

"ம்."

"அப்ப வலது பக்கம் தூக்கிட்டு நின்னு அவ முதுகைக் குத்துது. அவ உங்களை மறக்கல மாமா. கோவமும் இல்ல. வலிக்கற எடத்தைத் திரும்பிப் பாக்கறா. நம்ம எல்லாம் பண்றதுதானே அது?"

அவர் நிமிர்ந்து சிணுங்கியைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தும் போயிற்று.

"நீங்க உள்ள போயி இருங்க. அரை மணியில பிரிச்சு அளவு பண்ணித் தரேன்."

"அதுல கை வெக்காதே."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரலில் அவர் அவளிடம் பேசியதில்லை.

"மாமா..."

"உங்க அத்தை பொட்டி, துணிமணி எல்லாத்தையும் யார் யாருக்கோ குடுத்தாச்சு. தலையணை உறை நைஞ்சு போச்சு, திரை சாயம் போச்சு. அவ எனக்குன்னு செஞ்சது, அவ இழுத்த இழுப்பு அப்படியே நிக்கறது இது ஒண்ணுதான். தெரியாம இல்லம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து முதல் நாள் ஏறினப்பவே எனக்கு எங்கயோ தட்டுச்சு. தெரிஞ்சுக்க இஷ்டமில்ல." தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "குதிரை நல்ல எடத்துக்குப் போகட்டும். இது இங்க இருக்கட்டும்."

*

மகன் காலை ஷிஃப்ட் முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்தான். மருமகள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"விட்டுடு," என்றான்.

"என்னத்த விடறது? வலி எதனாலன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு தையல். பிரிச்சா குதிரை இங்கயே இருக்கும்."

"அம்மா தைச்சது. அப்பா வேண்டாங்கறார். நீ பிரிச்சுட்டு, அப்புறம் தினம் அவர் மூஞ்சியை யாரு பாக்கறது?"

"குதிரை போனப்புறம் அவர் மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? சிணுங்கி இல்லாத கொல்லையில போயி நின்னுட்டு என்ன பண்ணுவார்?"

"வேற சேணம் வாங்கலாம்."

"அப்ப போயி உங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லு. உன் பேச்சைத்தான் கேப்பார்."

"ஆமா, கேட்டுட்டார். இப்பத்தான் கேட்டுட்டுப் போறார்."

அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குதிரை விஷயம் என்றால் அவன் எப்போதும் இப்படித்தான். ஏழெட்டு டன் வண்டியை நெரிசலில் ஊசி கோப்பது மாதிரி ஓட்டுகிறவன், அப்பாவின் குதிரை மேல் ஒருநாளும் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். "எனக்குப் பிடிக்காது" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

*

வெயில் சாய்கிற நேரத்தில் வண்டி வந்தது. பின்பக்கம் சரிவுப் பலகை வைத்த நீளமான வண்டி. இறங்கியவர் வெயிலில் கறுத்த, கட்டைக்குரல் அம்மா. முதல் காரியமாக ஏட்டையாவுக்கு வணக்கம் சொன்னார். இரண்டாவதாகச் சிணுங்கியின் மூக்கருகே வெறுங்கையை நீட்டி, அது முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்ததும் மருமகளுக்கு ஐயோ என்றிருந்தது. கெட்ட ஆளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

ஏட்டையா சாம்பல் கால்சட்டையில் விறைப்பாக நின்றார்.

அந்த அம்மா கழுத்திலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போனார். வலது தோளுக்குப் பின்னால் கை வந்தபோது சிணுங்கி முதுகைத் தாழ்த்தி விலகியது.

"இங்க நோகுதே. சேணமா?"

"ஆமா," என்றாள் மருமகள், யாரும் வாயைத் திறக்குமுன். கவிழ்த்து வைத்திருந்த சேணத்தைக் காட்டினாள். "வலது திண்டு தூக்கல். மாமா கோணலா இருந்தப்ப தைச்சது."

அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, தையலைத் தடவினார். "நல்ல கைவேலை. யாரு செஞ்சது?"

"என் சம்சாரம்," என்றார் ஏட்டையா. "போயிட்டா."

அந்த அம்மா தையலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"எங்ககிட்ட வந்தா இவளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல," என்றார் அந்த அம்மா. "சேணமே கெடையாது. கம்பளி விரிப்புல சின்னப் பிள்ளைங்களை உக்கார வெச்சுக் கூடவே நடப்போம். முதுகு தானா ஆறிடும். நீங்க இதைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்ல."

"புதுச் சேணம் வாங்கினா?" வாசற்படியில் நின்ற மகன் கேட்டான். கேட்டது அவன்தானா என்று மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"இவளுக்குத் தோள்மேடு ஒசரம். கடைச் சேணம் உக்காராது. அளவெடுத்துச் செய்யலாம். செஞ்சு வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அப்பா ஏற முடியாது. அப்புறம் ஏற வயசு எப்படி இருக்கும்னு அவருக்குத்தான் தெரியும்." ஏட்டையாவைப் பார்த்துச் சிரித்தார். "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க."

"உண்மைதானே," என்றார் ஏட்டையா.

ஆக, கணக்கு இவ்வளவுதான். குதிரையை விட்டால் தையல் தங்கும். தையலை விட்டால் குதிரை தங்கும்.

சரிவுப் பலகை இறங்கியது. ஏட்டையா தாம்புக்கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டார். "வாடி, போலாம்." சிணுங்கி மறுப்பில்லாமல் அவர் பின்னால் நடந்தது. முதுகில் சேணம் இல்லை, வலியும் இல்லை. அவர் எங்கே கூப்பிட்டாலும் வரும் குதிரைதானே அது. பலகை வரைக்கும் வந்தார்கள். அவர் பலகையில் ஒரு காலை வைத்தார். அப்போது சிணுங்கி எட்டி, அவர் தோளில் தாடையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. சத்தமாக, மூக்கெல்லாம் அதிர.

அவர் நின்றார்.

அவர் தோளில் அது தாடையை வைத்து மாதங்கள் ஆகின்றன. அந்தத் தலையின் கனம் எவ்வளவு என்பதை அவர் மறந்தே போயிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார், யாரும் அவசரப்படுத்தவில்லை. வண்டியின் டிரைவர்கூடப் பீடியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"என் சம்சாரமும் அன்னிக்கு வாசல்ல இப்படித்தான் நின்னா," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "கத்துறதை நிறுத்திட்டு. பாரம் தாங்க முடியல, எடுக்கச் சொல்லுங்கன்னா. ஆனா நகரல."

பிறகு கண்ணைத் திறந்தார்.

"அம்மாடி, கத்திரி வேணாம். வெட்டக் கூடாது. உன் ஊசியால நெம்பி நெம்பி எடுக்க முடியுமா?"

"முடியும் மாமா."

"எடு."

*

முற்றத்தில் வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சேணத்தை அவர் மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு தையலாக ஊசி முனையால் தூக்கி, அறுக்காமல் உருவினாள். நூல் முறுக்கு விடாமல் விறைப்பாக இருந்தது. உருவ உருவ, இழுத்துத் தைத்த கையின் பலம் அவளுக்கு விரலில் தெரிந்தது. இப்படித் தைக்க வேண்டுமென்றால் கோபமும் வேண்டும் பிரியமும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

திண்டு வாயைப் பிளந்தது. உள்ளே கருநீலக் கம்பளி. அத்தனை வருஷத்துப் பாரத்தில் அழுந்தி அழுந்தி அட்டை மாதிரி ஆகியிருந்தது. கை நிறைய எடுத்து வெளியே வைத்தாள்.

ஏட்டையா எட்டிப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லையா?"

"கம்பளிதான் மாமா."

"நல்லாப் பாரு."

விரலை விட்டு மூலைவரை துழாவினாள். "கம்பளிதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்தார். இந்த மாதத்தில் அவர் சிரித்து அவள் கேட்பது முதல் தடவை. "இருக்காது. அவ்வளவுதான் அவ. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு தெரியாது. அடைக்க வேண்டியதுன்னா அடைப்பா, அவ்வளவுதான்."

பாதிக் கம்பளியை அவள் பிய்த்து உதிர்த்துத் திரும்ப உள்ளே வைத்தாள். இடது திண்டோடு அளவு பார்த்து, அழுத்தி, மறுபடி பார்த்தாள். மூடும்போது, அவர் கேட்காமலே, ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே ஓடுகிற தையலைப் போட்டாள். அதே நூல், அதே துளைகள். அத்தையின் இழுப்பு வரவில்லைதான். அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

சேணம் முதுகில் ஏறியது. எல்லோருடைய கண்ணும் இரண்டு காதுகள் மேல்தான். ஒரு காது லேசாகப் பின்னுக்குப் போனது, யோசித்தது, திரும்ப முன்னுக்கு வந்தது. வயிற்றுவாரை இழுத்தார்கள். சிணுங்கி தலையைத் தாழ்த்தி, நாக்கால் உதட்டை நக்கி, எதையோ தின்றது போல் வெறும் வாயை மென்றது.

"அப்பாடான்னு சொல்றா," என்றார் பள்ளிக்கூடத்து அம்மா. "குதிரை பாஷையில அதான்."

ஏட்டையா அங்கவடியைப் பிடித்தார்.

"இல்ல இல்ல, நீங்க ஏறக் கூடாது," என்று அந்த அம்மா குறுக்கே வந்தார். "கோணலுக்கு ஏத்த மாதிரி இவ சதையும் ஒரு பக்கம் வளந்திருக்கு. ஒரு மாசம், ஒன்றரை மாசம் காலையில வெந்நீர்த் துணி ஒத்தடம் குடுங்க. லேசான ஆளா, நேரா உக்கார்ற ஆளா ஒருத்தர் தினம் கொஞ்ச தூரம் நடத்தணும். உங்க பழைய சாய்மானம் உங்க உடம்பை விட்டு இன்னும் முழுசாப் போகல. நீங்க அப்புறம்தான்."

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் மருமகள் உடனே. "நான் மெஷின் மிதிக்கறதோட சரி."

ஏட்டையா அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்தார். ஒல்லியான, முதுகு வளையாத, நாளெல்லாம் நேராக உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கிற மகனை.

"நீ ஏறுவியாப்பா?"

மகனின் முகம் மூடிக்கொண்டது.

"நான் ஏற மாட்டேன்பா. வேற யாரையாச்சும் பாருங்க."

"ஏன்னு கேக்கலாமா?"

"கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஏட்டையா தலையாட்டினார். எதையோ கேட்டு, கிடைக்காது என்று முன்பே தெரிந்துவைத்திருந்தவர் போல.

வண்டி காலியாகத் திரும்பியது. "வெறும் வண்டியா போறது எனக்குப் புதுசு இல்ல," என்றார் அந்த அம்மா ஏறும்போது. "சில நாள் இப்படிப் போனாத்தான் ராத்திரி தூக்கம் வரும்." மீந்த கம்பளியை ஏட்டையா சாம்பல் கால்சட்டையின் பையில் திணித்துக்கொண்டிருந்தார். பை புடைத்துக்கொண்டு, தைத்தவளைக் கேலி செய்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

அந்தி மங்குகிற நேரத்தில் முகம் கழுவத் தண்ணீர் எடுக்க அவள் கொல்லைப்புறம் வந்தாள். லாயத்தில் பேச்சுக்குரல். ஏட்டையா இல்லை, அவர் உள்ளே ரேடியோவோடு இருக்கிறார். கதவிடுக்கு வழியாகக் காக்கிச் சட்டை தெரிந்தது.

அவள் புருஷன் சிணுங்கியின் நெற்றியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "போகல இல்ல? நீ போகல இல்ல?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். குதிரை பிடிக்காதவன். கொல்லைப்பக்கமே வராதவன்.

சிணுங்கி தலையை விலக்கியது. புது ஆள் கையை நீட்டினால் முகர்ந்து பார்க்கும், சந்தேகப்படும், அப்புறம்தான் கிட்டே வரும்; சாயங்காலம் அந்த அம்மாவின் கையைக்கூட எவ்வளவு நேரம் முகர்ந்தது. இப்போது முகரவில்லை. நேராக அவன் சட்டையின் இடது மேல்பைக்குப் போய், உதட்டால் மூடியைத் தூக்கி, பஸ்காரர்கள் தூக்கம் வராமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பெப்பர்மின்ட்டை எடுத்துக்கொண்டது.